ஊசி போட்டா அவ்வளவுதானா? இன்சுலினின் நூறு வருடக் கதை

போன வாரம் ஓ.பி.யில் நடந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். களை எடுக்கிற வேலை. பத்து வருடமாக சுகர். மூன்று வகை மாத்திரை சாப்பிடுகிறார்.

அன்றைக்கு வெறும் வயிற்றில் 286. மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 11.4. ஒரே வருடத்தில் ஏழு கிலோ எடை குறைந்திருக்கிறது.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நான் நிமிர்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"சார், எத்தன மாத்திர வேணாலும் எழுதிக் குடுங்க. ஊசி மட்டும் வேணாம். எங்க வூட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட ஆரம்பிச்சாங்க. அந்த வருசமே கால எடுத்துட்டாங்க. அதோட போயிட்டாரு."

இதே பேச்சை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன். விவசாயி சொல்வார், வாத்தியார் சொல்வார், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன் வாட்ஸ்அப் காலில் சொல்வார். "ஊசி போட்டா அவ்வளவுதான்."

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதில் டாக்டர்களாகிய எங்கள் பங்கு எவ்வளவு? நூறு வருடம் பின்னால் போனால்தான் பதில் கிடைக்கும். த்ரெட் கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க. சர்க்கரை கம்மியா.

முதலில் பெயரிலிருந்து ஆரம்பிப்போம்.

நீரிழிவு. "இழிதல்" என்றால் கீழே இறங்கி வழிவது. உடம்பிலிருந்து நீர் நிற்காமல் வழிகிற நோய். கிரேக்கர்கள் வைத்த "டயாபடிஸ்" என்ற பெயருக்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான், ஊடாகப் பாய்ந்து ஓடுவது. இரண்டு ஊர் வைத்தியர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே, ஒரே காட்சியைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டு வைத்தியர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்க்கிறது. அதனால்தான் "மதுமேகம்", தேன் போன்ற சிறுநீர். சுஸ்ருதர், சரகர் பெயரிலான நூல்களிலேயே, இந்த நோய் ஒல்லியானவர்களுக்கு ஒரு மாதிரியும் பருத்தவர்களுக்கு வேறு மாதிரியும் வருகிறது என்ற குறிப்பு உண்டு. இன்றைக்கு நாம் டைப் 1, டைப் 2 என்று பிரிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே.

ஆனால் காரணம் யாருக்கும் தெரியவில்லை. சிறுநீரகத்தில் கோளாறு என்றே பல நூறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1776-ல் மேத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், சர்க்கரை சிறுநீரில் மட்டுமல்ல, ரத்தத்திலேயே இருக்கிறது என்று காட்டினார். 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர், கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நடுநடுவே தீவு தீவாக வேறு மாதிரி செல்கள் இருப்பதைக் கண்டார். எதற்கு அவை என்று அவருக்குத் தெரியாது.

1889-ல் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் இருவரும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாய்க்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, கணையத்தில் ஏதோ ஒன்று சுரக்கிறது, அது இல்லையென்றால் சுகர். அந்தத் தீவுகளின் ஞாபகமாகத்தான், லத்தீனில் தீவைக் குறிக்கும் "இன்சுலா"விலிருந்து "இன்சுலின்" என்ற பெயரே வந்தது.

சரி, இந்த இன்சுலின் உடம்பில் என்ன வேலை பார்க்கிறது? நம்ம ஊர் பாஷையிலேயே சொல்றேன்.

அறுவடை சமயத்தில் நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்த்திருப்பீங்க. டிராக்டர் டிராக்டராக நெல் வந்து நிற்கும். குடோன் கதவு திறந்தால் மூட்டை உள்ளே போகும். கதவு திறக்கலைன்னா? ரோட்டில் குவியும். குடோனுக்குள் காலி, ரோட்டில் நெல் மலை. மழை வந்தால் நாசம்.

நெல் என்பது நாம் சாப்பிடும் சோறு, இட்லி, தோசை உடைந்து வரும் குளுக்கோஸ். ரோடு என்பது ரத்தக்குழாய். குடோன் என்பது நம் தசை, கொழுப்பு செல்கள், கல்லீரல். சாவி வைத்திருக்கும் ஆள்தான் இன்சுலின்.

சாப்பிட்டவுடன் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். கணையத்திலுள்ள பீட்டா செல்கள் அதை உணர்ந்து இன்சுலினை விடும். இன்சுலின் போய் தசை செல்லின் மேலுள்ள பூட்டில் பொருந்தும். செல்லுக்குள்ளிருந்து குளுக்கோஸ் கதவுகள் மேலே வந்து திறக்கும். குளுக்கோஸ் உள்ளே போகும்.

இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்லீரல் என்ற குடோனில் இருப்பு வைத்த குளுக்கோஸ் ராத்திரியில் வெளியே போகாமல் அடக்கி வைப்பது. "ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் சார் சாப்பிட்டேன், காலையில எப்படி 200?" என்று கேட்பீர்களே, அதற்குப் பதில் இதுதான். காவல் ஆள் போதவில்லை. கல்லீரல் ராத்திரி முழுக்க சொந்த ஸ்டாக்கை ரோட்டில் கொட்டியிருக்கிறது.

டைப் 1 என்றால், சாவி வைத்திருக்கும் ஆளே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே பீட்டா செல்களைத் தப்பாக அழித்துவிட்டது. பெரும்பாலும் குழந்தைகள், இளம் வயதினர்.

டைப் 2 என்றால், ஆள் இருக்கிறார், பூட்டு துருப்பிடித்துவிட்டது. ஒரு சாவி திறக்கிற இடத்தில் மூன்று பேர் சேர்ந்து திறக்க வேண்டியிருக்கிறது. கணையம் வருடக்கணக்கில் டபுள் ஷிப்ட் பார்க்கிறது. கடைசியில் ஆட்களும் சோர்ந்து குறைய ஆரம்பிக்கிறார்கள். அப்போதுதான் ரிப்போர்ட்டில் சுகர் ஏறுகிறது.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவோம்.

இன்சுலின் கைக்கு வருவதற்கு முன்னால், டைப் 1 வந்த குழந்தைக்கு என்ன வைத்தியம் தெரியுமா?

பட்டினி.

அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் இதை முறையாகவே செய்தார். சில சமயம் நாளைக்கு 400 கலோரி வரைதான் சாப்பாடு. அதாவது நம் கணக்கில் சராசரியாகப் பத்து இட்லிக்கும் குறைவு, அதுவும் நாள் முழுக்க. குழந்தை எலும்பும் தோலுமாகி, கொஞ்ச மாதமோ வருடமோ கூடுதலாக உயிரோடிருக்கும். அவர் கொடூரமானவர் இல்லை. அன்றைக்கு மனிதனிடம் இருந்த ஒரே ஆயுதம் அது.

1920 அக்டோபர் 31 நள்ளிரவு. கனடாவில் பிரெடரிக் பான்டிங் என்ற சர்ஜன். பிராக்டீஸ் சரியாக ஓடாதவர். கணையம் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுந்து ஒரு யோசனையைக் குறித்து வைத்தார். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியாடைப் போய்ப் பார்த்து இடம் கேட்டார். இடமும் கிடைத்தது, உதவிக்கு சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் கிடைத்தார்.

1921 கோடைகாலம் முழுக்க நாய்களில் சோதனை. கணையச் சாறு கொடுத்தால் நாயின் சுகர் இறங்குகிறது. அதே வருடம் ருமேனியாவில் நிக்கோலே பாலெஸ்கு என்பவரும் இதே போன்ற முடிவுகளை வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். எடை 30 கிலோவைத் தொடவில்லை. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு அவன் உடம்பில் ஏற்றப்பட்டது.

தோல்வி. சுகர் கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது.

ஜேம்ஸ் கோலிப் என்ற உயிர்வேதியியலாளர் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து அந்தச் சாற்றைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் மறுபடி ஊசி. 520 இருந்த சுகர் 120-க்கு இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்தான்.

அதே வருடம் ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற பெண் வந்தாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். மூன்று வருடமாக ஆலனின் பட்டினி வைத்தியத்தில் இருந்தவள். 15-வது பிறந்தநாள் நெருங்கும் அந்த வயதில் அவள் எடை சுமார் 20 கிலோ. அமைச்சர் மகளாக இருந்து என்ன, மருந்து என்று ஒன்று இல்லாதவரை பணத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பான்டிங் அவளுக்கு இன்சுலின் ஆரம்பித்தார்.

அவள் படித்தாள், கல்யாணம் செய்தாள், மூன்று குழந்தைகள் பெற்றாள், 1981-ல் தன் 73-வது வயதில் காலமானார். வாழ்நாளில் போட்டுக்கொண்ட ஊசிகள் சுமார் 42,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

42,000 ஊசி. "ஊசி போட்டா அவ்வளவுதான்" என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஒரு விஷயம் என்னை உறுத்தும். அந்த எலிசபெத்கூட தனக்கு சுகர் இருப்பதையும், உலகமே அறிந்த அந்த சிகிச்சையையும் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருந்தார். வெட்கமும் பயமும் நம் ஊர் சொத்து மட்டுமில்லை.

1923-ல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு. பான்டிங் தன் பங்கில் பாதியை பெஸ்டுக்கும், மெக்லியாட் தன் பங்கில் பாதியை கோலிப்புக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். கண்டுபிடிப்பின் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்ற விலை, தலைக்கு 1 டாலர். நவம்பர் 14, உலக நீரிழிவு தினம். குழந்தைகள் தினம் என்று நமக்குத் தெரியும். பான்டிங்கின் பிறந்தநாளும் அதுதான்.

ஆக, இன்சுலின் இந்த உலகத்துக்கு வந்தது கடைசி ஊசியாக அல்ல. சாகக் கிடந்த பிள்ளையை எழுப்பிய முதல் ஊசியாக.

அப்புறம் நம்ம ஊரில் மட்டும் அது எப்படி எமன் ஆச்சு?

சென்னைக்கு வருவோம். 1948-ல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவை ஆரம்பித்தார். இந்தியாவிலேயே முதல் சர்க்கரை நோய் கிளினிக் என்று சொல்லப்படுவது அதுதான். 1954-ல் ராயபுரத்தில் இதற்கென்றே மருத்துவமனை. இந்திய சர்க்கரை நோய் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். அது ஆரம்பித்தது ஓர் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தக் காலத்து இன்சுலின் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. கண்ணாடி சிரிஞ்ச். ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும். ஊசி மழுங்கினால் வீட்டில் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். வலிக்கும். போட்ட இடம் தடிக்கும், குழி விழும். நம் தாத்தா பாட்டி பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 1955-ல் பிரெடரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை முழுக்கக் கண்டுபிடித்தார். 1969-ல் டோரதி ஹாட்ஜ்கின் குழு அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டது. அந்தக் குழுவில் எம். விஜயன் என்ற இந்திய விஞ்ஞானியும் இருந்தார். 1978-ல் மனித இன்சுலினை பாக்டீரியாவில் தயாரித்தார்கள். 1982-ல் கடைக்கு வந்தது. இன்றைக்கு ஊசி முனை முடி மாதிரி மெல்லிசு. விரலில் குத்தி சுகர் பார்ப்பதைவிட வயிற்றில் இன்சுலின் போடுவது வலி கம்மி. நம்பாதவர்கள் ஓ.பி.க்கு வாங்க, நானே என் வயிற்றில் வெறும் ஊசியைக் குத்திக் காட்டுறேன். பலமுறை காட்டியிருக்கேன்.

வலி போய்விட்டது, பயம் போகவில்லை. ஏன்? அதற்கு இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பகுதிகளில் எடுத்த கணக்கு: நகரத்தில் நூற்றுக்கு சுமார் 2 பேருக்கு சுகர், கிராமத்தில் சுமார் 1.5.

சென்னை நகரத்தில் 1989-ல் 8.3 சதவீதம். 2004-ல் 14.3 சதவீதம்.

தமிழ்நாடு முழுவதற்கும் 2011-ல் வெளியான கணக்கு 10.4 சதவீதம். 2023-ல் வெளியானது 14.4 சதவீதம். அதே ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல்.

ஒரே தலைமுறை. மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. அப்போ மாறியது என்ன?

முதலில் நம் உடம்பின் வாகு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் போட்டோவையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன் சார், எனக்கு எப்படி?" என்ற கேள்விக்கு அந்த ஒரு போட்டோ போதும்.

தொப்பைக் கொழுப்புதான் பூட்டைத் துருப்பிடிக்க வைப்பது. ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும்.

அப்புறம் உழைப்பு. நம்ம பக்கத்தில் முன்பெல்லாம் ஏர் ஓட்டி, நாற்று நட்டு, கரும்பு வெட்டி, விருத்தாசலம் சந்தைக்கு நடந்தோ சைக்கிளிலோ போய் வந்தார்கள். மூன்று வேளை சோறு தின்றாலும் எரிந்துபோனது. இன்றைக்கு டிராக்டர், நடவு மெஷின், பைக். சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. கூடவே நாலு டீ, இரண்டு பஜ்ஜி, பாட்டில் ஜூஸ்.

இதோடு அப்பா அம்மாவுக்கு சுகர் இருப்பது, கர்ப்பகாலத்தில் சுகர் வந்திருப்பது, ரத்தக்கொதிப்பு, நீர்க்கட்டி, புகைப்பழக்கம், தூக்கமின்மை. இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து கூடும்.

நல்ல செய்தியும் சென்னையிலிருந்துதான் வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு. சுகரின் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர். இரண்டரை வருடம். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு தினம் அரைமணி நேர நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு. இன்னும் இரண்டு குழுக்களுக்கு மெட்பார்மின் மாத்திரை.

சும்மா விட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடந்த குழுவில் 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன். மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே பலன்தான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் தனியாகக் கூடுதல் லாபம் இல்லை. நடை, மாத்திரைக்கு சமமாக நின்றது. ஆராய்ச்சி நடந்தது அமெரிக்கர்களிடம் அல்ல, நம்மைப் போல சோறு, சாம்பார் சாப்பிடும் மக்களிடம்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். மேலே ஒரு வரியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே.

இங்கிலாந்தில் 1977 முதல் 1997 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டைப் 2 நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அது சொன்னது: சுகர் என்று கண்டுபிடிக்கும் அன்றைக்கே பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கிறது. அதற்குப் பிறகும் வருடா வருடம் குறைகிறது.

அதாவது, பத்து பதினைந்து வருடம் கழித்து மாத்திரை போதாமல் போவது பல பேருக்கு நோயின் இயற்கை. நோயாளி செய்த பாவமும் இல்லை, டாக்டரின் தோல்வியும் இல்லை. கண்ணில் வெள்ளெழுத்து வந்தால் கண்ணாடி போடுகிற மாதிரி.

ஆனால் நாம் அப்படிச் செய்வதில்லை. 300, 400 என்று சுகரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஊசியைத் தள்ளிப்போடுகிறோம். அதற்குள் பாத நரம்பு மரத்துப்போகிறது. ரத்தக்குழாய் அடைக்கிறது. வரப்பில் முள் குத்தினால் தெரியாது. புண் சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது, புண் ஆற, உயிர் தங்க, இன்சுலின் போட்டே ஆக வேண்டும். அப்போது போடுகிறோம். கால் ஏற்கெனவே அழுகிப்போயிருக்கிறது. எடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டார் பார்ப்பது என்ன? "ஊசி போட்டாங்க. கால் போச்சு."

தீப்பிடித்த வீட்டு வாசலில்தான் எப்போதும் தீயணைப்பு வண்டி நிற்கும். அதைப் பார்த்து, வண்டிதான் தீ வைத்தது என்று சொல்வது மாதிரிதான் இது.

இந்தப் பயத்தை வளர்த்ததில் எங்கள் பங்கும் இருக்கிறது என்றேன். நான் செய்ததையே சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்போது வேறு ஊர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் பார்க்கிற ஓ.பி. கட்டிட வேலை பார்க்கும் ஒரு அண்ணன், நாற்பத்தைந்து வயது, சுகர் எப்போதும் 300-க்கு மேல். ஒருநாள் பொறுமை இழந்து சொன்னேன்.

"இதான் கடைசி வாட்டி. அடுத்த மாசம் குறையலைன்னா ஊசி போட்டுடுவேன், பாத்துக்கங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது. நடுவில் யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டிருக்கிறார், மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்சில் ஏறும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஊசி போட்டுடுவீங்கன்னு பயந்துதான் சார் வரல."

நான் அவருக்கு மருந்தைத் தண்டனையாகக் காட்டியிருக்கிறேன். உயிர் காக்க வந்த ஒன்றை, படிக்காத பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுகிற மாதிரி காட்டியிருக்கிறேன். பொடி கொடுத்தவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரை அந்தப் பொடியிடம் அனுப்பியது என் வார்த்தை.

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. இதைப் படிக்கும் இளம் டாக்டர்களே, சிஸ்டர்களே, நீங்களும் சொல்லாதீர்கள். வீட்டில் பிள்ளைகளும், "ஸ்வீட் தின்னா ஊசிதான்" என்று அப்பாவை மிரட்டாதீர்கள்.

இனி நடைமுறை விஷயங்கள், சுருக்கமாக.

1. இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியாகச் சாப்பிட்டால் பருப்பு செரிக்கிற மாதிரி வயிற்றில் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

2. ஆரம்பித்தால் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க என்று இல்லை. கர்ப்பகாலம், ஆபரேஷன், தீவிரத் தொற்று, புதிதாகக் கண்டுபிடிக்கும்போதே மிக அதிக சுகர், இவற்றில் கொஞ்ச காலம் போட்டுவிட்டு மாத்திரைக்குத் திரும்புபவர்கள் பலர்.

3. ஆனால் டைப் 1 குழந்தைக்கு ஒருநாளும் நிறுத்தக் கூடாது. எந்தப் பொடி, எந்த லேகியம், எந்த யூடியூப் சொன்னாலும் கூடாது. நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து. இது மிரட்டல் இல்லை, 1922-க்கு முந்தைய உலகம்.

4. சிரிஞ்ச் கவனம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பாட்டில் பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் வகைக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். பாட்டிலில் எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள்.

5. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி. ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

6. வீட்டில் பிரிட்ஜ் இல்லையா? மண் பானை போதும். அகலமான பானையில் ஈர மணல் பரப்பி, நடுவில் சின்ன மண் குடுவை வைத்து, பாட்டிலை நனையாமல் கவரில் சுற்றி உள்ளே வையுங்கள். ஈரத்துணியால் மூடி, நிழலில், காற்று வரும் இடத்தில் வையுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு மண் பாண்டத்துக்கா பஞ்சம்? ஆனால் பளபளவென்று மெருகு பூசிய பீங்கான் ஜாடி வேண்டாம், அதில் நீர் கசியாது, குளிர்ச்சி வராது. திறந்த பாட்டிலை நாலு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் ப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள்.

7. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு வயலுக்குப் போகாதீர்கள்.

8. முப்பது வயது தாண்டிய எல்லோரும் வருடம் ஒருமுறை சுகர் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. அந்த 531 பேர் நின்ற இடத்துக்குப் பக்கம் நிற்கிறீர்கள், நடக்க ஆரம்பியுங்கள்.

9. பரிசோதனை, மாத்திரை, இன்சுலின், மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அளவை மட்டும் நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள், இந்தப் பதிவைப் படித்தும் செய்யாதீர்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள்.

அன்றைக்கு ஓ.பி. கூட்டம் குறைந்த பிறகு உட்கார வைத்துப் பேசினேன். கொள்முதல் நிலையக் கதையைச் சொன்னேன். அவர் வீட்டுக்காரருக்கு முதலில் வந்தது புண்ணா, ஊசியா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"புண்ணுதான் சார் மொதல்ல. ஆறு மாசமா ஆறல."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் ஊசி போடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். ராத்திரி ஒருவேளை, 8 யூனிட், அதுதான் ஆரம்பம். முதல் ஊசியை அங்கேயே அவர் கையாலேயே போட்டுக்கொண்டார்.

"இம்புட்டுதானா?" என்றார்.

இம்புட்டுதான் அம்மா.

இன்றைக்கு வெறும் வயிற்றில் 198. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கேன். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஊசிக்குப் பயந்து மாத்திரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் ஒருவர் இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டியூட்டி முடிந்து பதில் சொல்றேன்.


அரசு மருத்துவர், ஸ்ரீமுஷ்ணம்